பம்ப் தருவது அழுத்தமா, ஓட்டமா? தானாக இறங்கும் தூக்குமேசையை முன்வைத்து ஹைட்ராலிக்ஸ் குறித்த விவாத இழை

தொடக்கப் பதிவு: பயிற்சி மாணவர்

அனைவருக்கும் வணக்கம். இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் நான் இப்போது ஒரு தொழிற்கூடத்தில் பயிற்சியில் இருக்கிறேன். அங்குள்ள ஹைட்ராலிக் தூக்குமேசை தொடர்பாக எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. சிலிண்டரின் உள்விட்டம் 100 மி.மீ.; பிஸ்டன் தண்டின் விட்டம் 56 மி.மீ.; தண்டு மேல்நோக்கி நின்று மேசையைத் தாங்குகிறது. நிமிடத்திற்கு 60 லிட்டர் எண்ணெய் அனுப்பும் கியர் பம்ப் பொருத்தப்பட்டிருக்கிறது. அழுத்தம் எல்லையைத் தொட்டால் திறந்து எண்ணெயைத் திருப்பி அனுப்பும் ரிலீஃப் வால்வு 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வைக்கப்பட்டிருக்கிறது.

வெறும் மேசை மேலே ஏறும்போது பிரஷர் கேஜ் 10 பார் அளவே காட்டுகிறது. எல்லோரும் இதை 200 பார் பம்ப் என்கிறார்கள். அப்படியானால் மீதி 190 பார் எங்கே போகிறது என்பது முதல் ஐயம். இரண்டாவது ஐயம் இன்னும் தீவிரமானது. மேசையின் எடையையும் சேர்த்து ஆறு டன் வரும்படி பாரம் ஏற்றி, நடு உயரத்தில் நிறுத்தி, மோட்டாரை அணைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் மேசை ஒரு சாண் அளவு இறங்கியிருக்கிறது. பிஸ்டன் சீல் தேய்ந்துவிட்டதென்று முடிவு செய்து, சிலிண்டரைப் பிரித்துப் புதிய சீல் போட்டார்கள். இறக்கம் சற்றும் குறையவில்லை. எண்ணெய் எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பதை மாற்றும் திசை வால்வு, நடுநிலையில் நான்கு வழிகளையும் (பம்ப், டேங்க், சிலிண்டரின் இரு பக்கங்கள்) அடைத்துவிடும் வகையைச் சேர்ந்தது. காரணம் எங்கே இருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பராமரிப்புப் பொறியாளர்

வணக்கம் தம்பி. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அடித்தளம் ஒன்றுதான். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது எண்ணெயை நகர்த்துகிறது, அவ்வளவே. நகரும் எண்ணெய்க்கு எதிரில் என்ன தடை நிற்கிறதோ, அதை வெல்லத் தேவையான அழுத்தம் மட்டுமே குழாயில் எழும். வெறும் மேசை சுமார் 800 கிலோ எடையுள்ளதென்றால், 78.5 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனுக்குக் கீழே 10 பார் போதும். ஆறு டன் பாரத்திற்கு அதே கேஜ் 76 பார் அளவு காட்டும். பாரம் ஏறுந்தோறும் முள்ளும் ஏறும். 16 டன்னை நெருங்கும்போது 200 பாரைத் தொட்டு, ரிலீஃப் வால்வு திறந்து, எண்ணெய் டேங்குக்குத் திரும்பிவிடும், மேசை நகராது. ஆகவே அந்த 190 பார் எங்கும் போகவில்லை; அது பிறக்கவே இல்லை.

வேகத்தைத் தீர்மானிப்பதுதான் ஓட்டம். நிமிடத்திற்கு 60 லிட்டர் என்பது விநாடிக்கு ஒரு லிட்டர். அதைப் பிஸ்டன் பரப்பால் வகுத்தால் மேசை விநாடிக்கு 12.7 செ.மீ. ஏற வேண்டும். பம்பை ஓட்டி இறக்கும்போது எண்ணெய் தண்டுப் பக்கத்திற்குள் செல்வதால், தண்டின் பரப்பு போக 53.9 சதுர செ.மீ. மட்டுமே மிஞ்சும், எனவே இறங்கும் வேகம் விநாடிக்கு 18.5 செ.மீ. ஆகிறது. மேசை மெதுவாக ஏறுகிறது என்று சொல்லி ரிலீஃப் வால்வின் திருகை இறுக்குபவர்களை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் வேகம் கூடாது. ஹோஸும் சீலும் தாங்க வேண்டிய உச்ச அழுத்தம்தான் கூடும்.

மறுமொழி 2: பாய்ம இயக்கவியல் ஆசிரியர்

மேலே சொல்லப்பட்டது தொழிற்கூடத்திற்குப் போதுமான விளக்கம். ஆனால் அதற்கு எல்லை உண்டு. கியர், வேன், பிஸ்டன் வகைப் பம்புகள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய நிலையான கொள்ளளவைத் தள்ளுபவை என்பதால்தான் அவற்றுக்கு இக்கூற்று பொருந்துகிறது. மைய விலக்குப் பம்பில் நிலைமை வேறு: வெளிவழியை முழுவதும் அடைத்தாலும் அதன் அழுத்தம் ஓர் எல்லையில் நின்றுவிடும், ஓட்டம் சுழியமாகும். கியர் பம்பின் வெளிவழியை அடைத்தால் ரிலீஃப் வால்வு திறக்க வேண்டும், அல்லது மோட்டார் நின்றுபோக வேண்டும், அல்லது ஏதேனும் ஒன்று உடைய வேண்டும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது.

பாஸ்கல் விதியையும் இங்கே நினைவுகூர்வது நல்லது. அடைபட்ட பாய்மத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதை விளக்கும் அவருடைய ஆய்வுரை, அவர் மறைந்த பிறகு 1663இல் வெளியானது. அதைக் கொண்டு பயன்படும் ஓர் அழுத்தியை ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை பெற்று உருவாக்கும்வரை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கொள்கை தெரிந்திருந்தும் இத்தனை காலம் ஆனதற்கு ஒரு முக்கியக் காரணம், நகரும் பிஸ்டனைச் சுற்றிக் கசிவில்லாமல் அடைப்பதில் இருந்த சிரமம் என்றே நான் கருதுகிறேன். அழுத்தம் கூடக் கூடத் தானே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும் கிண்ண வடிவத் தோல் சீல் வந்த பிறகே அந்த அழுத்தி நடைமுறைக்கு வந்தது. அந்த யோசனையை அப்போது பிராமாவிடம் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லேக்கு உரியதாகச் சொல்வர். இன்றைய ரப்பர் உதட்டுச் சீல்களும் அதே முறையில்தான் வேலை செய்கின்றன.

இன்னொன்று: பெரிய பிஸ்டன் விசையைப் பெருக்குகிறதே ஒழிய ஆற்றலைப் பெருக்குவதில்லை. பரப்பு நூறு மடங்கானால் விசையும் நூறு மடங்காகும். நகரும் தூரமோ நூற்றில் ஒரு பங்காகிவிடும். எந்த ஹைட்ராலிக் அமைப்பைக் கணக்கிடும்போதும் இந்தச் சமன்பாட்டை முதலில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

மறுமொழி 3: பராமரிப்புப் பொறியாளர்

ஆசிரியர் குறித்த எல்லை மிகவும் சரியானது. இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏறக்குறைய எல்லாத் தொழிற்கூடங்களிலும், பாரம் தானாக இறங்கினால் முதலில் பிரிக்கப்படுவது சிலிண்டர்தான். உங்கள் அமைப்பில் அது தவறான இடம் என்பதைக் கணக்காகவே காட்டிவிடலாம்.

பிஸ்டன் சீலையே கழற்றி எறிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ் அறையில் உள்ள எண்ணெய் இப்போது தாராளமாக மேல் அறைக்குச் செல்லலாம். ஆனால் பிஸ்டன் 1 செ.மீ. இறங்கினால் கீழ் அறையில் 78.5 கன செ.மீ. இடம் குறைகிறது, மேல் அறையில் தண்டு இடத்தைப் பிடித்திருப்பதால் 53.9 கன செ.மீ. இடம் மட்டுமே கிடைக்கிறது. மீதி 24.6 கன செ.மீ. எண்ணெய், அதாவது சிலிண்டருக்குள் கூடுதலாக நுழைந்த தண்டின் கொள்ளளவு, எங்கே போகும்? வெளிவழிகள் இரண்டும் உண்மையாகவே அடைபட்டிருந்தால் அதற்குப் போக்கிடமே இல்லை. எண்ணெய் சற்று அமுங்கும். இரு அறைகளிலும் அழுத்தம் சமமாகும். பாரம் முழுவதையும் தண்டின் குறுக்குப் பரப்பு மட்டும் தாங்கத் தொடங்கும். ஆறு டன்னைத் தாங்க முழுப் பிஸ்டனுக்கு 76 பார் போதுமாயிருந்தது, 24.6 சதுர செ.மீ. தண்டுக்கு அது 244 பார் அளவாக உயரும். அரை மீட்டர் வீச்சுள்ள சிலிண்டர் நடுவில் நின்றால், அந்த அளவுக்கு எண்ணெய் அமுங்குவதற்கு மேசை ஏறத்தாழ இரண்டு செ.மீ. இறங்கும், அதன் பிறகு நின்றுவிடும். ஒரு சாண் இறங்காது; இரவு முழுவதும் தொடர்ந்து இறங்கவும் இறங்காது.

எனவே எண்ணெய் சிலிண்டரை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. வெளியில் கசிவு தெரியவில்லையென்றால், அது செல்லும் வழி, திசை வால்வுக்குள் நகர்ந்து வழிகளைத் திறந்து மூடும் பாகமான ஸ்பூல்தான். நடுநிலையில் "அடைபட்டது" என்று வரைபடத்தில் குறித்திருந்தாலும், உருளை வடிவ ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி இருந்தே தீரும். இல்லாவிட்டால் ஸ்பூல் நகராது. பாரத்தைத் தாங்கிப் பிடிப்பதற்காக ஸ்பூல் வால்வு வடிவமைக்கப்படவே இல்லை.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். சிலிண்டரின் இரு வழிகளிலும் ஒவ்வொரு கேஜ் பொருத்திப் பாரத்தோடு நிறுத்திப் பாருங்கள். பிஸ்டன் சீல் கசிந்தால் மேல் அறைக் கேஜ் ஏறும், கீழ் அறைக் கேஜும் 76இல் தொடங்கி ஏறும். ஸ்பூல் கசிந்தால் மேல் அறைக் கேஜ் ஏறக்குறைய சுழியத்தில் கிடக்கும். கீழ் அறைக் கேஜ், மேசை இறங்கிக்கொண்டிருக்கும்போதும் 76 பாரிலேயே அசையாமல் நிற்கும். இதில் நீங்கள் வியக்க வேண்டியதில்லை. பாரம் மாறவில்லை, அதனால் அழுத்தமும் மாறவில்லை.

ஓர் எச்சரிக்கை. 244 பார் ஆறு டன்னுக்கான கணக்கு. பாரம் 15 டன்னாக இருந்து, சீலும் கசிந்து, வழிகளும் முழுவதும் அடைபட்டிருந்தால், இதே கணக்கில் 600 பார் வருகிறது. ரிலீஃப் வால்வு பம்ப் பக்கம் இருப்பதால் அது இங்கே காப்பாற்றாது. ஹோஸ் வெடிக்கக்கூடிய நிலை அது.

மறுமொழி 4: கட்டுமான இயந்திர மெக்கானிக்

சோதனையைத் தொடங்குவதற்கு முன் தம்பி இதைப் படித்துவிட வேண்டும். கேஜ் பொருத்துவதற்காக இணைப்பைக் கழற்றும்போது மேசை கீழ்நிலையில் இருக்க வேண்டும். மோட்டார் அணைந்திருந்தாலும் குழாயில் அழுத்தம் மிஞ்சியிருக்கும் என்பதால், வால்வை இருபுறமும் தள்ளி அதை வெளியேற்ற வேண்டும். சோதனை நடக்கும்போது மேசைக்குக் கீழே எவரும் கையோ தலையோ நீட்டக்கூடாது. எஃகு முட்டுகளை வைத்தே ஆக வேண்டும்.

ஹைட்ராலிக்கில் தூக்கு, எஃகில் தாங்கு என்பது பழைய பாடம். வேல்ஸில் பிரிட்டானியா பாலத்தின் பிரம்மாண்டமான இரும்புக் குழல்களை 1849இல் நீரழுத்திகளைக் கொண்டு உயர்த்தியபோது, ஒவ்வொரு வீச்சிலும் குழல் ஏற ஏற அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்பதில் ராபர்ட் ஸ்டீபன்சன் உறுதியாக இருந்தார். அந்த ஆகஸ்டில் ஓர் அழுத்தியின் அடிப்பகுதி உடைந்துபோனது. குழல் சில அங்குலங்கள் மட்டுமே விழுந்து முட்டின் மேல் அமர்ந்தது. அந்த முட்டு இல்லாதிருந்தால் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட இரும்பு நீரிணைக்குள் போயிருக்கும்.

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு குத்துக் காயம் போலத்தான் தெரியும், தொடக்கத்தில் வலிகூட அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே தசை அழியத் தொடங்கிவிடும், சில மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். "உயர் அழுத்த எண்ணெய் உட்புகுந்துவிட்டது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டு போதும்.

மறுமொழி 5: பயிற்சி மாணவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. முட்டுகளை வைத்து, மேற்பார்வையாளர் உடனிருக்கச் சோதனையைச் செய்தோம். மேல் அறைக் கேஜ் சுழியத்தை விட்டு அசையவில்லை. கீழ் அறைக் கேஜ் 76க்கு அருகில் நிலையாக நின்றது. மேசை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பாரம்தான் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது என்பதை அந்த அசையாத முள் எனக்கு நன்றாகப் புரியவைத்தது. இப்போது திசை வால்வை மாற்றினால் போதுமா, வேறு வழி உண்டா?

மறுமொழி 6: பராமரிப்புப் பொறியாளர்

புதிய திசை வால்வு போட்டால் இறக்கம் குறையும், ஆனால் நிற்காது. பாரத்தைப் பிடித்து நிறுத்தக் கூம்பு வடிவ இருக்கையில் அழுந்தி மூடும் வால்வு வேண்டும். எண்ணெயைச் சிலிண்டருக்குள் தாராளமாக விட்டு, வெளியேறும் வழியைப் பைலட் அழுத்தம் (தனிச் சிறு குழாய் வழியே வரும் கட்டுப்பாட்டு அழுத்தம்) வந்தால் மட்டுமே திறக்கும் செக் வால்வு அதற்கு உரியது. அதை ஹோஸுக்கு அப்பால் எங்கோ வைக்காமல், சிலிண்டரின் கீழ்வழியிலேயே நேரடியாகத் திருகிப் பொருத்த வேண்டும். அப்போதுதான் ஹோஸ் வெடித்தாலும் பாரம் விழாது.

இத்துடன் திசை வால்வின் நடுநிலையையும் மாற்றியாக வேண்டும். இப்போதுள்ள அடைபட்ட நடுநிலையில் பைலட் குழாயில் அழுத்தம் சிக்கிக்கொண்டால் செக் வால்வு உடனே மூடாது. நடுநிலையில் நான்கு வழிகளும் டேங்குடன் இணையும் ஸ்பூலைப் போடுங்கள். பைலட் குழாய் காலியாகும், செக் வால்வு நறுக்கென்று மூடும். கூடவே ஒரு பெரிய நன்மையும் உண்டு: இப்போது மேசை நிற்கும்போது மோட்டார் ஓடினால், 60 லிட்டரும் 200 பாரில் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்புகிறது. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் 20 கிலோவாட். அது முழுவதும் வெப்பமாகிறது. ரிலீஃப் வால்வை ஒருமுறை கடக்கும் எண்ணெய் ஏறத்தாழ 12 டிகிரி சூடேறும். புதிய ஸ்பூலில் அந்த எண்ணெய் அழுத்தமின்றிச் சுற்றி வரும்.

இந்த மாற்றத்திற்குப் பிறகு நான் முன்பு சொன்ன ஒன்று தலைகீழாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். இனி மேல் அறை டேங்குக்குத் திறந்திருக்கும். ஆகவே பிஸ்டன் சீல் கசிந்தால் எண்ணெய்க்குப் போக்கிடம் உண்டு, பாரம் இறங்கும். நீங்கள் போட்ட புதிய சீல் வீணாகவில்லை. இறக்கும்போது மேசை விட்டுவிட்டு அதிர்ந்தால், செக் வால்வுக்குப் பதிலாகச் சமநிலை வால்வைப் பொருத்துங்கள். அது பாரத்தை ஓடவிடாமல் சீராக இறக்கும்.

மறுமொழி 7: விமானப் பராமரிப்புத் துறை

பெரும்பாலான பயணிகள் விமானங்களில் அமைப்பின் அழுத்தம் ஏறத்தாழ 207 பார். ஏர்பஸ் ஏ380 அதை 345 பாருக்கு உயர்த்தியது. அழுத்தம் கூடினால் அதே விசைக்குச் சிறிய சிலிண்டரும் மெல்லிய குழாயும் குறைந்த எண்ணெயும் போதும். விமானத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்புண்டு.

ஆனால் எத்தனை தனித்தனி அமைப்புகள் உள்ளன என்பதைவிட, அவற்றின் குழாய்கள் எந்த வழியாகச் செல்கின்றன என்பதே முக்கியம். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தின் வால் இயந்திரத்தில் விசிறித் தட்டு சிதறியது. டிசி-10 வகையைச் சேர்ந்த அந்த விமானத்தில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் இருந்தும், மூன்றின் குழாய்களும் வால் பகுதியில் ஒன்றுக்கொன்று அருகில் சென்றதால், சிதறல்கள் மூன்றையும் காலியாக்கிவிட்டன. விமானிகள் மற்ற இரு இயந்திரங்களின் உந்துவிசையைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைச் சூ சிட்டி வரை கொண்டுவந்தனர். 296 பேரில் 180க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். குழாய் அறுந்தால் மீதி எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் ஃபியூஸ் வால்வு, பின்னர் அந்த வகை விமானத்தில் சேர்க்கப்பட்டது. ஏ380இல் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளுக்குத் துணையாக, மின்சாரத்தால் இயங்கும் தனிப் பம்பையும் எண்ணெயையும் தன்னுள்ளே கொண்ட இயக்கிகள் உள்ளன. மையக் குழாய் அறுந்தாலும் அவை வேலை செய்யும்.

மறுமொழி 8: நீர்வளப் பொறியாளர்

எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இத்துறை நீரில் தொடங்கியது. 1852இல் கட்டி முடிக்கப்பட்ட கிரிம்ஸ்பி துறைமுகக் கோபுரம், உயரத்தில் நீரைத் தேக்கி அந்த அழுத்தத்தால் பளுதூக்கிகளையும் மதகுகளையும் இயக்குவதற்காக எழுப்பப்பட்டது. கோபுரத்திற்குப் பதிலாகச் செங்குத்துச் சிலிண்டரின் மேல் பெரும் எடையை அமர்த்தி அழுத்தத்தைச் சேமிக்கும் முறையை வில்லியம் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய பிறகு, உயரக் கோபுரம் தேவையற்றதாயிற்று. லண்டன் நகரத் தெருக்களுக்கு அடியில் உயர் அழுத்த நீரைக் குழாய் வழியே விற்ற நிறுவனம் ஒன்று 1977 வரை இயங்கியது. 1894இல் திறக்கப்பட்ட டவர் பாலத்தின் தூக்குத் தளங்களும் 1970கள் வரை நீரழுத்தத்தால் இயங்கி, அதன் பிறகே எண்ணெய்க்கும் மின்சாரத்திற்கும் மாறின.

எங்கள் துறையில் நாங்கள் அஞ்சுவது நீர்த்தாக்கு. நீண்ட எஃகுக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், ஏற்கெனவே உள்ள அழுத்தத்திற்கு மேல் ஏறத்தாழ 10 முதல் 12 பார் எழும். ஜுகோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட சமன்பாடு தரும் அளவு இது. அழுத்த அலை வால்விலிருந்து புறப்பட்டுக் குழாயின் மறுமுனையைத் தொட்டுத் திரும்பும் நேரத்தைவிட மெதுவாக மூடினால் தாக்கு தணியும். 600 மீட்டர் குழாய்க்கு அந்த நேரம் சுமார் ஒரு விநாடி.

இதே தாக்கை வேலைக்குப் பழக்கிய கருவியும் உண்டு. ஜோசப் மொன்கோல்ஃபியே 1796இல் உருவாக்கிய தானியங்கு நீரேற்றி, மின்சாரமோ எரிபொருளோ இல்லாமல், இறங்கி வரும் நீரைத் திரும்பத் திரும்ப நிறுத்தி, எழும் அழுத்தத்தால் அதன் ஒரு பகுதியை மேலே அனுப்புகிறது. 2 மீட்டர் வீழ்ச்சியைக் கொண்டு 20 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற வேண்டுமானால், திறன் 60 விழுக்காடு என்று கொண்டால், உள்ளே வரும் நூறு லிட்டரில் ஆறு லிட்டர் மேலே போகும். குறைவாகத் தோன்றலாம், ஆனால் இரவும் பகலும் ஆளின்றி ஓடும்.

மறுமொழி 9: உயிரியல் மாணவி

பொறியியல் அல்லாத ஓர் எடுத்துக்காட்டைச் சேர்க்கலாமா? சிலந்தியின் காலில் இரண்டு முக்கிய மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடலின் முன்பகுதியில் அழுத்தத்தைக் கூட்டிக் குருதிநீரைக் காலுக்குள் செலுத்தியே சிலந்தி அவற்றை நீட்டுகிறது. இறந்த சிலந்தியின் கால்கள் உள்நோக்கி மடிந்து கிடப்பதற்குக் காரணம் அழுத்தம் போய்விட்டதுதான். தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு அடியிலும், தொட்டவுடன் ஒரு பக்கச் செல்கள் நீரை இழப்பதால்தான் இலை தாழ்கிறது.

மறுமொழி 10: பராமரிப்புப் பொறியாளர்

அருமையான எடுத்துக்காட்டு அம்மா. தம்பிக்கு ஒன்றை மட்டும் சொல்ல விட்டுவிட்டேன்: ஸ்பூல் ஏன் தேய்ந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. இடைவெளி வழியே கசியும் அளவு, மற்றவை மாறாதிருந்தால், அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. இடைவெளியை அகலப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு, ஸ்பூலை அரிப்பவையோ 5, 10 மைக்ரான் துகள்கள். எண்ணெய் பளிச்சென்று தெரிவதை வைத்துத் தூய்மையை முடிவு செய்ய முடியாது.

புதிய வால்வைப் பொருத்துவதற்கு முன் எண்ணெய் மாதிரி எடுத்து, ஐ.எஸ்.ஓ. 4406 முறைப்படி துகள் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். மாதிரியை டேங்கின் அடியிலிருந்து எடுக்காதீர்கள். இயந்திரம் ஓடிச் சூடான நிலையில், ஃபில்டருக்கு முன்னால் உள்ள திரும்பு குழாயிலிருந்து, முதலில் வரும் எண்ணெயை விட்டுவிட்டுச் சுத்தமான குப்பியில் பிடியுங்கள். டேங்கின் மூச்சுக்குழாய் மூடியில் உள்ள ஃபில்டரையும் பாருங்கள். சிலிண்டர் நீளும்போது டேங்கின் மட்டம் தாழ்ந்து, வெளிக்காற்று தூசியோடு அந்த வழியாகவே உள்ளே வருகிறது. பீப்பாயில் வரும் புதிய எண்ணெயும் வால்வுக்குத் தேவையான அளவு தூய்மையாக இருப்பதில்லை. அதை நேரடியாக ஊற்றாமல், ஃபில்டர் வண்டி வழியாகவே டேங்கில் ஏற்றுங்கள்.